எல்லோரும் வந்தாச்சா?

அன்புள்ள ஐயா,

திருமணத்துக்கு முன்பு தினமும் காலையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்வேன். அந்த நேரத்தில் கடவுள் என் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இப்போது இரண்டு பிள்ளைகள், வேலை, இரண்டு வருடமாக நினைவு தப்பிக்கொண்டே வரும் மாமியார். அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அதோடு கடவுளும் போய்விட்டார் போல இருக்கிறது.

இரவானால் அத்தை "எல்லோரும் வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பிப்பார். வந்தாச்சு என்று சொன்ன இரண்டாவது நிமிடம் மறுபடி கேட்பார். பத்து முறை, பன்னிரண்டு முறை. சில நாள் கத்திவிடுகிறேன். பிறகு அழுகிறேன். கடவுள் மேலேயே கோபம் வருகிறது. தோழி ஒருத்தி "இருப்பதற்கு நன்றி சொல்லப் பழகு, எல்லாம் சரியாகும்" என்று ஒரு நோட்டு வாங்கித் தந்தாள். ஆரோக்கியம், வீடு, பிள்ளைகள், வேலை என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். நான்காம் நாள் நிறுத்திவிட்டேன். துறவி ஒருவர் சமையலறையிலேயே கடவுளைக் கண்டார் என்றும் சொன்னாள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. காலை நான்கு மணிக்கே எழுந்து பழையபடி பிரார்த்தனையைத் தொடங்கினால் சரியாகுமா?

பெயர் வெளியிட வேண்டாம். இருட்டிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், பெரியவள் இப்போதுதான் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறாள். பிழைகள் இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடனே பதில் எழுதத் தோன்றவில்லை. இந்தக் கேள்விக்கு நான் எதை எழுதினாலும் அது என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

என் அப்பா பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். வலது பக்கம் முழுதாகப் போய்விட்டது, பேச்சும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு நகம் வெட்டிவிடுவது என் பொறுப்பு. வயதானவர்களின் நகம் எப்படித் தடித்துப்போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால்தான் வெட்ட வரும். அவருடைய வலது கை இறுகி மூடியே இருக்கும். விரல் விரலாகப் பிரித்து, உள்ளங்கையில் தங்கியிருக்கும் வியர்வையைத் துடைத்து, பிறகு வெட்ட வேண்டும். நான் அதைச் சரியாகவே செய்தேன், ஆனால் மனது அங்கே இருக்காது. முடித்துவிட்டு எழுந்து போக வேண்டிய வேலைகளில் இருக்கும்.

ஒரு ஞாயிறு, வெட்டிக்கொண்டிருக்கும்போது காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அப்பா இடது கையால் மடித்த செய்தித்தாள் ஒன்றை என் கைகளுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். நகத்துணுக்குகள் தரையில் விழாமல் அதில் விழுந்துகொண்டிருந்தன. கை லேசாக நடுங்கியது, அதனால்தான் சத்தம். எத்தனை வாரமாக அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் தரையைப் பெருக்க வேண்டிவரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். அன்பெல்லாம் பிறகுதான் வந்தது. அதற்கும் பின்னால், குளிக்கும்போதோ எப்போதோ, சின்ன வயதில் அவர் எனக்கு நகம் வெட்டிவிட்டது நினைவுக்கு வந்தது. ஜன்னல் ஓரமாக நிற்கவைத்து, வெளிச்சத்தில் விரலைத் தூக்கிப் பார்த்து வெட்டுவார். நாற்பது வருடமாக அந்த ஜன்னலை நான் நினைத்ததே இல்லை.

அன்று நான் ஒளி எதையும் பார்க்கவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் எனக்கும் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் கடவுள் என்ற சொல்லை அன்று முதல் நான் அந்தத் தெரிதலோடு சேர்த்துத்தான் உச்சரிக்கிறேன்.

உங்கள் நோட்டுக்கு வருகிறேன். அது நான்காம் நாளில் நின்றதற்கு உங்கள் மனம் வறண்டது காரணமில்லை. நீங்கள் எழுதியவை எல்லாம் பெயர்ச்சொற்கள். ஆரோக்கியம், வீடு, பிள்ளைகள் என்பவை இருப்புக் கணக்கு. அவற்றில் யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. நன்றி என்ற சொல்லையே நாம் இப்போது வேறு மாதிரிப் புரிந்துகொண்டுவிட்டோம். நம் மனதில் எழ வேண்டிய ஓர் உணர்ச்சிக்கு அதைப் பெயராக வைத்திருக்கிறோம். வள்ளுவரிடம் அப்படி இல்லை. அவர் அதிகாரத்துக்கு வைத்த பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை, உதவி. பெற்றவருடைய வேலை அதை அறிவது. "நன்றி மறப்பது நன்றன்று" என்கிறபோது மறக்கக்கூடாது என்று அவர் சொல்வது நம் உணர்ச்சியை அல்ல, நமக்குச் செய்யப்பட்டதை.

இது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. களைத்துப்போனவரிடம் நெகிழ்ச்சியை வரவழைத்துக்கொள் என்று சொன்னால் அவரால் முடியாது. ஆனால் களைத்துப்போனவராலும் ஒன்றை அறிய முடியும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். பிழைக்கு மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில், பெரியவள் வந்து விளக்கைப் போட்டதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அம்மா இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு குழந்தை பார்த்திருக்கிறது. நோட்டில் எழுத வேண்டியது இதைத்தான்: யார், எப்போது, என்ன செய்தார். தினமும் எழுத வேண்டும் என்றும் இல்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட நன்றியுணர்வு பற்றிய ஆய்வின் முதல் பகுதியில் மாணவர்களை வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதச் சொன்னார்கள், அதிகபட்சம் ஐந்து விஷயங்கள், மொத்தம் பத்து வாரம். தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையை நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒரு வரி போதும் என்று நான் சொல்வேன்.

அதே அதிகாரத்தின் முதல் குறள் "செய்யாமல் செய்த உதவி" என்று தொடங்குகிறது. நாம் முன்னால் எதுவும் செய்யாதிருக்க, ஒருவர் நமக்குச் செய்தது. மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது என்கிறார். அந்த உதவி மிக அதிகமாக நடக்கும் இடம் வீடுதான். நடு இரவில் குழந்தையின் போர்வையை இழுத்துவிடுகிறோம். அது தூக்கத்தில் இருக்கிறது, காலையில் அதற்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டும் என்று நாமும் நினைப்பதில்லை. நமக்கும் அப்படி எத்தனை இரவு யார் யார் இழுத்துவிட்டார்களோ. எல்லாம் அறியாமல் பெற்றவை. கடவுள் நம்மிடம் நடந்துகொள்ளும் முறையும் இதுதான் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் அவரை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கிறது.

தோழி சொன்ன துறவி லாரன்ஸ் சகோதரராக இருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மலைட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடம் ஒன்றின் சமையலறையில் பல வருடம் வேலை செய்தவர், 1691இல் இறந்தார். வேலை நேரமும் பிரார்த்தனை நேரமும் தனக்கு வேறல்ல என்றவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவரை உங்களுக்கு அளவுகோலாக வைக்க மாட்டேன். மடத்தில் பிரார்த்தனைக்கென்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள், உங்களுக்கு யாரும் ஒதுக்கித் தரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தச் சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று. இதை அவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு நெருக்கமானவர் பெரியாழ்வார். பக்தி என்றால் அண்ணாந்து பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை அவர்தான் திருத்தினார். அவர் யசோதையாகிப் பாடுகிறார். குழந்தையைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுகிறார், குளிக்கக் கூப்பிடுகிறார், தலை வாரிவிட வரச்சொல்லிக் காக்கையை அழைக்கிறார், பூச்சூட்ட வா என்கிறார், கண்பட்டுவிடுமே என்று காப்பிடுகிறார். ஒரு பாட்டில், தொழுவத்துப் புழுதியில் புரண்டு வந்த பிள்ளையிடம் அம்மா சொல்கிறாள்: உன்னை இப்படிப் புழுதியோடு பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் பார்ப்பவர்கள் என்னைப் பழிப்பார்களே, நப்பின்னை பார்த்தால் சிரிப்பாளே, குளிக்க வா. பிள்ளையின் அழுக்கை ரசித்துக்கொண்டே அக்கம்பக்கத்துக்குப் பயப்படும் அம்மா! இதைவிட வீட்டுக்குள் கடவுளைக் கொண்டுவர முடியுமா? இதில் எங்கும் மௌனம் இல்லை, தனிமை இல்லை. குழந்தை ஓடுகிறது, அடம் பிடிக்கிறது, அம்மா பின்னாலேயே போகிறாள். பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் பிறகு கடவுளிடம் போகலாம் என்ற வரிசையே அங்கே கிடையாது.

கோபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சுந்தரர் ஒரு கண்ணில் பார்வையில்லாமல் திருவாரூருக்கு வந்து சிவனிடம் பாடிய பதிகம் ஒன்று உண்டு. உன் அடியார்கள் துன்பத்தோடு நின்று முறையிடும்போது பேசாமல் இருக்கிறாய் என்றால், நீ மட்டும் நன்றாக வாழ்ந்து போ என்கிறார். "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்தப் பதிகத்தைத் தேவாரத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம்தான் இப்படிப் பேச முடியும். போய்விட்டவர்மேல் யாருக்கும் கோபம் வராது, சகோதரி.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். "இருப்பதற்கு நன்றியோடு இரு" என்பதை வாயை மூடிக்கொள் என்ற பொருளில் சொல்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்களிடம். உங்கள் தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் செய்ந்நன்றி அறிதல் பெற்றவருக்குச் சொன்னது. உங்கள் வீட்டில் அதிகம் பெற்றுக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்கள். அவர்கள் அறிய வேண்டும், அறிந்தால் கை கொடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவு அத்தையின் பக்கத்தில் உங்கள் கணவர் இருக்கட்டும் என்று கேளுங்கள். அவர் அம்மாதானே. கேட்பதால் உங்கள் பக்தி குறையாது. என் வீட்டிலும் அப்பாவைக் கவனித்ததில் பெரும்பங்கு என் மனைவியுடையது. ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டியதை வைத்து நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்ற ஆறு நாளும் அவள் செய்ததை அறிய எனக்கு இன்னும் அதிக காலம் பிடித்தது.

கடைசியாக, அத்தையின் கேள்வி. கடிதத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். அவருக்குப் பெயர்கள் போயிருக்கும், கிழமைகள் போயிருக்கும், யார் மகன் யார் பேரன் என்பதும் குழம்பியிருக்கும். மறதி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பது இந்த ஒரு வாக்கியம். எத்தனை வருடம், எத்தனை இரவு, கதவைத் தாழிடுவதற்கு முன் அவர் அதைக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் வந்தாச்சா? வீட்டில் ஒருவர் வெளியே இருந்தாலும் அவரால் தூங்க முடிந்திருக்காது. உங்கள் வீட்டில் பிரார்த்தனை நின்றுபோய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு இரவுக்குப் பன்னிரண்டு முறை நடக்கிறது, பதில் சொல்கிறவர் நீங்களாக இருக்கிறீர்கள்.

பன்னிரண்டாவது முறை கேட்கும்போது உங்களுக்குக் குரல் உயரத்தான் செய்யும். என் அப்பாவிடம் நானும் சிடுசிடுத்திருக்கிறேன், அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு அவர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான்கு மணிக்கு எழ வேண்டாம். உங்களுக்கு இப்போது தூக்கம்தான் வேண்டும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அந்த ஒரு மணி நேரம் தானாகத் திரும்பி வரும், அப்போது உட்காருங்கள். இன்று இரவு அத்தை முதல் முறை கேட்கும்போது மட்டும், பெயர்களைச் சொல்லிப் பதில் சொல்லிப் பாருங்கள். உங்கள் கணவர் பெயர், பெரியவள் பெயர், சின்னப் பிள்ளையின் பெயர். உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறந்துவிடப் போகிறீர்கள். எல்லோரும் வந்தாச்சு அத்தை, தூங்குங்க என்று சொல்லிவிட்டு நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.