டீச்சரிடம் கேளுங்கள்: காலுறை எதுக்குத் திருடினான்?

(மேற்கு சிட்னியில் 22 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நாங்கள் டூங்காபியில் இருக்கிறோம். மகன் நாலாம் வகுப்பு. பள்ளியில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுவந்த முதல் கப்பல்கள் பற்றிய பாடம் நடக்கிறது. நேற்று இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, சிட்னியைக் கட்டினது திருடங்களா?" என்றான். என்ன சொல்வது?

பதில்: "பெரும்பாலும் ஆமாம்" என்றே சொல்லுங்கள். மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம், எதைத் திருடினார்கள் என்று அவனையே கேட்க விடுங்கள்.

நான் எப்போதும் ஜான் ஹட்சனில்தான் ஆரம்பிப்பேன். லண்டனில் அப்பா அம்மா இல்லாத பையன், புகைபோக்கி சுத்தம் செய்கிறவன். திருடியபோது வயது 9. ஒரு சட்டை, பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி. தண்டனை, 7 வருடம் நாடு கடத்தல். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பியபோது அவனுக்கு வயது 13. இதைச் சொன்னதும் வகுப்பு அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வரும்: "காலுறை எதுக்கு டீச்சர் திருடினான்?" அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

இவ்வளவு தூரம் ஏன் அனுப்பினார்கள் என்பதற்கு இரண்டு வரி போதும். முன்பு இங்கிலாந்து தன் கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்கா சண்டை போட்டுப் பிரிந்ததும் அந்த வழி அடைபட்டது. சிறை கொள்ளாமல், தேம்ஸ் ஆற்றில் நின்ற பழைய கப்பல்களிலெல்லாம் ஆட்களை அடைத்து வைத்தார்கள். பயணத்துக்கு உலக வரைபடத்தில் நூல் ஒட்டச் சொல்லுங்கள்: டெனெரிஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன். "ஆஸ்திரேலியா போக பிரேசில் எதுக்கு?" என்பான். பாய்மரக் கப்பல் காற்று போகும் வழியில்தான் போகும்.

கேள்வி: பள்ளி நிகழ்ச்சிக்கு என் மகள் பிளாஸ்டிக் சங்கிலி வாங்கிக் கைதி வேஷம் போடப் போகிறாள். சரிதானே?

பதில்: சங்கிலி வேண்டாமே. நானும் ஒருமுறை பாதி வகுப்பைக் கைதிகளாகவும் பாதியைக் காவலர்களாகவும் பிரித்தேன். பத்தே நிமிடத்தில் காவலர்கள் உற்சாகமாகிவிட்டார்கள், கைதிகளில் ஒரு பெண் குழந்தை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதாள். தப்பு என்னுடையது. மறுபடி அதைச் செய்யவில்லை.

அதற்குப் பதில் சமையலறைத் தராசை எடுங்கள். 1790 ஏப்ரலில் சிட்னியில் உணவு தீர்ந்துகொண்டிருந்தபோது, ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் கொடுத்தது ஏறக்குறைய 1.1 கிலோ மாவு, 900 கிராம் அரிசி, 900 கிராம் உப்புப் பன்றி இறைச்சி. அந்தக் குடியேற்றத்தை ஆண்ட கவர்னர் ஃபிலிப்புக்கும் அதே அளவுதான். அவர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் ரொட்டியைத் தாங்களே கொண்டு போனார்கள். அந்த அரிசி, உள்ளே குடியிருந்த பூச்சிகளால் தானாகவே நகர்ந்தது என்று அங்கிருந்த மரைன் அதிகாரி வாட்கின் டென்ச் எழுதியிருக்கிறார். அரிசியையும் மாவையும் அவளே நிறுத்து, ஏழு பங்காகப் பிரிக்கட்டும். சங்கிலி சொல்லாததை அந்தச் சின்னக் குவியல் சொல்லும்.

கேள்வி: நான் வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் தாத்தா. இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. என் பேரனுக்கு எதற்கு?

பதில்: ஐயா, வெள்ளைக்காரர் கதை மட்டும் என்று பள்ளிகள் நினைத்திருந்த காலம் உண்டு, அது பெரிய பிழை. 1788 ஜனவரி 26 அன்று கப்பல்கள் வந்து நின்றது காலி இடத்தில் இல்லை, அங்கே வாழ்ந்த பழங்குடிகளான கடிகல் மக்களின் கரையில். அடுத்த ஆண்டே பெரியம்மை பரவியது. அந்தப் பகுதியில் இருந்தவர்களில் பாதிப்பேர் இறந்திருக்கலாம் என்று ஃபிலிப்பே எழுதினார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதை மறைக்க வேண்டாம், நிதானமாகச் சொன்னால் தாங்குவான். உங்கள் பேரன் கூச்சலிடும் பரமட்டா ஈல்ஸ் (விலாங்குகள்) ரக்பி அணி இருக்கிறதே, அந்த விலாங்கு மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பரமட்டா என்பதே அந்தப் பகுதிப் பழங்குடிகளான தாருக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது, விலாங்கு மீன் கிடைக்கும் இடம்.

இன்னொன்றும் உண்டு. 1792 ஜூனில் பசியிலிருந்த சிட்னிக்கு கல்கத்தாவிலிருந்து 'அட்லாண்டிக்' என்ற கப்பல் வந்தது. சரக்கு என்ன தெரியுமா? அரிசி, ரவை, பருப்பு. சாம்பார் ஊற்றும்போது சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவான்.