கேள்வி நேரம்: கல்யாணம், பிள்ளைப்பேறு, கருத்தடை

மலேசிய இந்தியர்களின் கருவள விகிதம் 1.1 என்று செய்தியில் படித்தேன். எங்கள் தாமானில் வீட்டுக்கு இரண்டு, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு தப்பா?
– வாசகி, செந்தூல்

கணக்கு சரிதான். கருவள விகிதம் என்பது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை. நீங்கள் பார்ப்பது பிள்ளை பெற்றவர்களின் வீடுகளை மட்டும். கணக்கிலோ 15 முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களும் வருவார்கள், கல்யாணம் ஆகாதவர்களும்கூட.

அவர்களை ஐந்தைந்து வயதாக ஏழு பிரிவாகப் பிரிப்பார்கள். உதாரணத்துக்கு, 25-29 வயதில் 1,000 பெண்கள் இருந்து அந்த வருடம் 80 குழந்தைகள் பிறந்தால் 0.08. ஒவ்வொருத்தியும் அந்தப் பிரிவில் ஐந்து வருடம் இருப்பதால் 5-ஆல் பெருக்க 0.4. ஏழு பிரிவுக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் விகிதம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இது ஒரே வருடத்தின் படம். 25-இல் பெற்றிருக்க வேண்டியதை 31-க்குத் தள்ளிப்போடுபவர்கள் அதிகமானால், கடைசியில் எல்லோரும் இரண்டு பெற்றாலும் நடுவில் சில வருடங்கள் விகிதம் சரிந்து காட்டும். 1.1 என்றதும் இனமே அழிகிறது என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. அதற்காக முழுக்கக் கண்மயக்கு என்றும் தள்ளிவிட முடியாது. தள்ளிப்போட்டதில் ஒரு பகுதி பிறக்காமலே போய்விடுகிறது.

பிள்ளைப்பேறு குறைந்ததற்குக் கருத்தடை மாத்திரைதானே காரணம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பாதிக் காரணம், அதுவும் பழைய பாதி. 1966-இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் தொடங்கியபோது கருத்தடை செய்த தம்பதிகள் மிகக் குறைவு. 1980-களின் நடுவில் ஏறக்குறைய பாதிப் பேர் செய்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த அளவு பெரிதாக நகரவில்லை. 2014 ஆய்விலும் 52 விழுக்காடுதான். 1984-இல் மகாதீர் அரசாங்கம் 7 கோடி மக்கள்தொகை என்ற இலக்கை அறிவித்து, பிள்ளை பெறவே ஊக்கம் கொடுத்தது. ஆனாலும் 1980-இல் 4 அளவில் இருந்த நாட்டின் விகிதம் இன்று 2-க்குக் கீழே.

அப்படியென்றால் மாறியது எது? கல்யாண வயது. 1970-இல் பெண்ணின் சராசரித் திருமண வயது 22 வாக்கில், 2010-இல் 25.7. மலேசியாவில் கல்யாணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது குறைவு என்பதால், கல்யாணம் தள்ளினால் பிள்ளைப்பேறும் தள்ளும். தென் கொரியாவிலும் இதே கதைதான். அங்கே 2023-இல் 0.72. பிரான்சில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் கல்யாணமாகாத பெற்றோருக்குப் பிறப்பதால் இந்தக் கணக்கு அங்கே எடுபடாது. தமிழ்நாட்டில் வழியே வேறு: இளம் வயதில் கல்யாணம், சீக்கிரமே இரண்டு பிள்ளை, உடனே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்.

மாத்திரையை ஒரு நாள் மறந்துவிட்டேன். அட்டையைத் தூக்கிப்போட வேண்டுமா?
– வாசகி, ஜெலுத்தோங்

வேண்டாம். நான் சொல்வது இரண்டு ஹார்மோன் உள்ள வழக்கமான கருத்தடை மாத்திரைக்கு. ஒன்றே ஒன்று என்றால் ஞாபகம் வந்ததும் விழுங்குங்கள், அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு விழ நேர்ந்தாலும் பாதகமில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டிருந்தால், கடைசியாக விட்டதை மட்டும் போட்டுவிட்டுத் தொடருங்கள். தொடர்ந்து 7 நாள் மாத்திரை போடும்வரை ஆணுறையும் தேவை. விட்டது அட்டையின் மூன்றாம் வாரம் என்றால், மருந்துள்ள மாத்திரைகளை முடித்ததும் இடைவெளி விடாமல் புது அட்டையைத் தொடங்குங்கள். பெரும்பாலான 28 மாத்திரை அட்டைகளில் கடைசி 7 வெறும் மாத்திரைகள். அவற்றை விட்டால் ஒன்றும் ஆகாது.

பலருக்கும் தெரியாதது, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான் மிகவும் ஆபத்து. 7 நாள் மருந்தில்லாத இடைவெளியில் சினைப்பை விழிக்கத் தொடங்கும். அதோடு இன்னும் இரண்டு நாள் சேர்ந்தால் முட்டை வெளியாகலாம். முதல் வாரத்தில் விட்டு, அந்த நாட்களில் உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி உடனே ஃபார்மசியிலோ கிளினிக்கிலோ கேளுங்கள்.

மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். பாலூட்டும் தாய்மாருக்குத் தரும் ஒற்றை ஹார்மோன் மாத்திரைக்கு, மறந்தால் என்ன செய்வது என்று மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அதில் பழைய வகைக்கு 3 மணி நேரத் தாமதமே அதிகம்.

மூன்று மாதக் கருத்தடை ஊசியை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, மாதவிலக்கு வரவில்லை. மலடாகிவிட்டேனா?
– வாசகி, கெப்போங்

இல்லை. ஊசி மருந்து தசையில் தங்கி மெதுவாகக் கரையும். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகும். சிலருக்கு இன்னும் நீளும். முதலில் வீட்டிலேயே கர்ப்பச் சோதனை செய்துவிடுங்கள், ஏனென்றால் மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கலாம். ஒரு வருடத்துக்குள் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு ஊசி ஏற்றதல்ல. கருப்பையில் வைக்கும் காப்பர்-டியோ கையில் வைக்கும் இம்ப்ளான்டோ எடுத்ததும் கருவளம் சீக்கிரம் திரும்பிவிடும்.