வாசகர் கேள்வி பதில்: கொழும்புத் துறைமுக மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோர்ஸ் ஒன்றை வாங்கியவர், கூரையைக் கழற்றி, நிலத்துக்குக் கொங்கிறீற் போட்டு, கொள்கலன்களை மூன்று அடுக்காக வைக்கத் தொடங்கியிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கும் நாற்பதடி லொறிகள் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்து திரும்புகின்றன. கேட்டால், “இது துறைமுகத்துப் பக்கத்துக் காணி, எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை” என்கிறார். அவர் சொல்வது சரியா, ஐயா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சரியல்ல. பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு காணி துறைமுகக் காணியாகிவிடாது. மதிலுக்கு உட்புறம் 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைத் துறைமுக அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. மதிலுக்கு வெளியே, உங்கள் ஒழுங்கையில், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் கீழ் வர்த்தமானியில் வெளியான திட்டமிடல் விதிகளும்தான் செல்லுபடியாகும். அந்தச் சட்டத்தில் அபிவிருத்தி நடவடிக்கை என்பது கட்டடம் எழுப்புவதோடு முடிந்துவிடுவதில்லை. காணியைத் துண்டாடுவதும், காணியோ கட்டடமோ இதுவரை எதற்குப் பயன்பட்டு வந்ததோ அந்தப் பாவனையை மாற்றுவதும் அதற்குள் அடங்கும். எனவே “நான் ஒரு சுவர்கூடக் கட்டவில்லையே” என்ற வாதம் அவருக்கு உதவாது.

அவர் இன்னொரு வாதத்தையும் எடுக்கக்கூடும்: முன்பும் பொருட்கள்தான் வைக்கப்பட்டன, இப்போதும் பொருட்கள்தான் வைக்கப்படுகின்றன, ஆகவே பாவனை மாறவில்லை என்பது. இதை அலட்சியம் செய்ய வேண்டாம்; திறமையான சட்டத்தரணி ஒருவர் இதை வைத்தே காலத்தைக் கடத்துவார். கூரையுள்ள களஞ்சியத்துக்கும் திறந்த கொள்கலன் முற்றத்துக்கும் இடையிலான வேறுபாட்டை நீங்கள் காட்ட வேண்டிய இடம் வாசற்கதவு. எத்தனை அடி அகலமான பாதையில் எவ்வளவு நீளமான வாகனம் எந்த நேரத்தில் திரும்புகிறது என்பதைத் திகதியும் நேரமும் தெரியும் படங்களோடு எழுதி வையுங்கள். பின்னர் அந்த இடத்தின் வரி மதிப்பீட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு, அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டிருந்தால் எந்தப் பாவனைக்கு என்று கொழும்பு மாநகர சபையிடம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். வாய்முறைப்பாட்டைவிட இந்த ஒரு தாள் அதிகம் வேலை செய்யும். அனுமதி இல்லையென்றால், வேலையை நிறுத்தவும் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் கட்டளையிட நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. அதற்கும் பணியாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் செல்லும்.

சத்தத்துக்குத் தனி வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் மாநகர எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று வரம்பிட்டுள்ளன. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையே பகல். பின்பக்கமாக வரும் லொறியின் எச்சரிக்கை ஒலியும், வெறும் கொள்கலனைத் தரையில் இறக்கும்போது எழும் இடியும் அந்த இரவு வரம்புக்குள் அடங்குவது கடினம். முற்றத்துக்குள் லொறிகளைக் கழுவிச் சேவிஸ் செய்வதும் நடந்தால், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: கோட்டையில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்துக்குள் பழைய பண்டகசாலைகளும் வெறும் முற்றங்களும் கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. ஹோட்டல்களுக்கும் தொடர்மாடிகளுக்கும் கொடுத்தால் நல்ல வருமானம் வராதா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வரும், ஒரே ஒரு தடவை. இயங்கும் துறைமுகம் ஒன்றில் எந்த இடம் எந்தப் பாவனைக்கு என்று வலயம் பிரிப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பு, இந்தத் தொழில் நீரின் விளிம்பு இல்லாமல் நடக்குமா என்று கேட்கிறார்கள். கப்பலைக் கட்டி நிறுத்தும் இறங்குதுறை, இழுவைப் படகுத் தரிப்பிடம், கப்பல் திருத்தும் துறை ஆகியவற்றை மருதானைக்கு மாற்ற முடியாது. பொருள் பிரிக்கும் களஞ்சியம் சற்றுத் தள்ளி இருக்கலாம். ஹோட்டலோ பத்தாம் மாடியிலிருந்து கடலைக் காட்டினால் போதும்.

கொழும்பின் விளிம்பு தானாக அமைந்ததுமல்ல. கடலலையைத் தடுக்கும் முதலாவது அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்தார்கள். தெற்குத் துறைமுகத்தின் 6.8 கிலோமீற்றர் நீள அலைதாங்கி 2012இல் நிறைவடைந்தது. அதன் பின்னால் கிடைத்த 18 மீற்றர் ஆழம்தான் இன்றைய மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களை இங்கே கொண்டுவருகிறது. நீங்கள் வெறும் முற்றம் என்று காண்பது பெரும்பாலும் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் இடம். இங்கு இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி வாசலைத் தாண்டி ஊருக்குள் வருவதே இல்லை; மற்றொரு கப்பலில் ஏறிப் போய்விடுகின்றன. முற்றத்தைக் குறைத்தால் அந்த வேலையே குறையும்.

பணம் கூடிய பாவனை உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போட்லண்ட் நகரம் நல்ல உதாரணம். மீன்பிடித் துறைகளின் மேல் தொடர்மாடி வீடுகள் எழத் தொடங்கியதும், 1987இல் அந்நகர மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கடல்தொழில் சாராத கட்டுமானத்தை ஐந்து ஆண்டுகளுக்குத் தடுத்தார்கள். அந்தத் தடையும் பூரணமான மருந்தாகவில்லை. துறைகளைப் பராமரிக்கப் பணமில்லை என்று உரிமையாளர்கள் முறையிட, 2010இல் தரைத்தளத்தின் 45 சதவீதம் வரை வேறு தொழில்களுக்கு, நிபந்தனைகளோடு, இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே எல்லாப் பழைய கட்டடங்களையும் அப்படியே பூட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆழம் போதாத பழைய விளிம்பில், கோட்டைப் பக்கத்தில், சில கட்டடங்களை ஊருக்குத் திறந்துவிடலாம். ஆனால் தங்கும் வீடுகளுக்கு அல்ல, அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும். இரவில் தூங்குபவர்தான் துறைமுகப் பாரந்தூக்கியின் வெளிச்சத்துக்கு எதிராக மனு எழுதுவார். கொழும்புத் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டெயரும் கடலை நிரப்பி எடுத்த நிலம் என்பதால் இறங்குதுறைகளில் கைவைக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே தனி ஆணைக்குழு அனுமதி வழங்குகிறது. ஆயினும் அது தெற்குத் துறைமுகத்தை ஒட்டியே கிடக்கிறது. அங்கே வீடு வாங்குபவரிடம், பக்கத்தில் இரவு பகலாக இயங்கும் துறைமுகம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி ஒப்பம் பெறுவது நல்லது.

கேள்வி: புறக்கோட்டையில் மேல்மாடியில் ஆட்கள் தங்கும் கட்டடத்தின் கீழே, இறக்குமதி செய்த தின்னரையும் சாயங்களையும் சேமிக்கலாமா?
வியாபாரி ஒருவர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று, வருடக்கணக்கில் சாதாரண பண்டகசாலை ஒன்றில் கிடந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர், மதிலுக்கு வெளியே இருந்த குடியிருப்புகள் சிதைந்தன. உங்கள் சரக்கு அதுவல்ல, அளவும் சிறிது. ஆனால் தீப்பற்றும் திரவமும் ஒரே மரப்படிக்கட்டும் ஒரு கட்டடத்தில் சேர்வதைத் தடுக்கத்தான் பாவனை வலயமும் இடைவெளி விதியும் இருக்கின்றன. தீயணைப்புப் பிரிவின் சம்மதம் இல்லாமல் ஒரு பீப்பாயும் இறக்காதீர்கள். முடிந்தால் கடையில் மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு, சரக்கை நகருக்கு வெளியே வையுங்கள்.

கேள்வி: முகத்துவாரத்தில் எங்கள் தகப்பனாரின் வலை திருத்தும் வாடியை இடித்து, இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட நினைக்கிறோம். மாநகர சபை அனுமதி போதுமா?
வாசகர், முகத்துவாரம்

பதில்: போதாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். களனி கங்கை கடலில் சேரும் இடம் என்பதால் உங்கள் பகுதியில் ஆற்றோரமாக அது மேலும் உள்ளே செல்லும். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் பெற வேண்டும். வாடியாக இருந்த இடம் வாடகை அறையாவதும் பாவனை மாற்றமே. அதைவிட, ஒருமுறை அறையாகிவிட்ட நிலத்தில் மறுபடியும் வலை விரிக்க அனுமதி கிடைப்பது எளிதல்ல. வீட்டில் இன்னும் கடலுக்குப் போகிறவர் இருந்தால் அவரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: புளூமெண்டால் பக்கம் ஆறு பேர்ச் வாங்குகிறேன். உறுதியில் வலயம் பற்றி எதுவும் இல்லையே?
வாசகர், வத்தளை

பதில்: உறுதியில் அது இருக்காது. முற்பணம் கொடுப்பதற்கு முன், நில அளவைப் படத்தின் பிரதியோடு மாநகர சபைக்குப் போய் வீதி அகலிப்புக்குக் காணி போகுமா என்பதைக் காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழைப் பெறுங்கள். அந்தத் துண்டு எந்த வலயத்தில் வருகிறது, வீடு கட்ட இடமுண்டா என்பதை நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். தரகர் காட்டும் வரைபடத்தை நம்ப வேண்டாம்.