அப்பா செய்த போஸ்ட் ஆபீஸ்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் பெங்களூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மகள் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில், சனிக்கிழமை 'நமக்கு உதவுபவர்கள்' ஆக்டிவிட்டி, எல்லாரும் மாடல் செய்து கொண்டு வரவும் என்று போட்டார்கள். கணவர் ஷிஃப்ட் முடிந்து வரவே ஒன்பது ஆகும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி வரை இரண்டு பேரும் தெர்மாகோலை அறுத்து போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் ஒட்டினோம். அவள் பத்து மணிக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் வந்து, "அப்பா செஞ்ச போஸ்ட் ஆபீஸ் சூப்பரா இருக்குன்னு மிஸ் சொன்னாங்க" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தெருமுனைக் கடையில் இந்த மாடல் ரெடிமேடாகவே 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பாதிப் பேர் அதைத்தான் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இதனால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? மிஸ்ஸிடம் சொன்னால் பிள்ளை மேல் கோபப்படுவார்களோ என்றும் பயம். இன்னொன்று, வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள் என்கிறார்கள். இவள் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறாள், திருத்த வேண்டுமா? நீங்கள் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். "அப்பா செஞ்ச போஸ்ட் ஆபீஸ்" என்று சொன்னாள் பாருங்கள், அந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும், பாராட்டு மட்டும் ராத்திரி முழித்து ஒட்டிய அப்பாவுக்குப் போய்விட்டது. என் கவலை முழுக்க இங்கேதான். தன் கையால் செய்தது போதாது, பெரியவர்கள் செய்ததுதான் ஸ்கூலுக்குக் கொண்டு போகலாம் என்று ஏழு வயதில் பழகிவிட்டால், அடுத்த வருடம் ஒரு பூ வரையச் சொன்னாலும் "எனக்கு வராது, நீ வரைஞ்சு குடு" என்று பேப்பரை நீட்டும். அப்படி நீட்டுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைகிறது.

முதலில் ஒரு தகவல், மிஸ்ஸிடம் பேசப் போகும்போது கொஞ்சம் தைரியமாக இருக்கும். மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கையில், இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்று இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரம் முழுக்கச் சேர்த்தே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கர்நாடக அரசும் 2019-இல் பை எடை பற்றிப் போட்ட உத்தரவில், ஒன்று இரண்டு வகுப்புக்கு வீட்டுப்பாடம் வேண்டாம், பை இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம் என்றது. ராத்திரி ஒரு மணி வரை தெர்மாகோல் அறுப்பது வீட்டுப்பாடம் இல்லாமல் வேறென்ன? அந்த 2020 கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக, நேற்று சாயங்காலம் எப்படிப் போனது, என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளை வகுப்பில் பேச வைக்கச் சொல்கிறது. பைசா செலவில்லை, யாரும் ராத்திரி முழிக்க வேண்டாம், வீட்டில் வேறு யாரும் அவளுக்காகப் பேசிக் கொடுத்துவிடவும் முடியாது.

நான் போகிற பள்ளி விவேக் நகர் பக்கம் ஒரு அரசு கன்னடப் பள்ளி. பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ், மிச்சம் தெலுங்கு, உருது, கன்னடம். சின்ன வகுப்புகளில் 'நலி கலி' முறை, அதாவது பாட அட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிப்படியாகக் கற்பது. நம் காதுக்கு நலி என்றால் நலிந்துபோவதுதான் ஞாபகம் வரும், கன்னடத்தில் அதற்கு மகிழ்ந்து ஆடு என்று பொருள், கலி என்றால் கற்றுக்கொள். 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெச்.டி.கோட்டெ தாலுகாவில் தொடங்கியது. அங்கிருந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திராவில் ரிஷி வேலி என்ற கல்வி நிறுவனத்தின் கிராமப் பள்ளிகளைப் போய்ப் பார்த்து, தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டு வந்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலும் ரிஷி வேலி வழியில் வந்ததுதான். அந்தச் சமயத்தில் உங்கள் ஊரில் அரசுப் பள்ளியில் படித்த யாரையாவது கேளுங்கள், ஏணிப்படி, அட்டை, கம்பிப் பந்தல் என்று சொல்வார்கள்.

அந்தப் பந்தலுக்குக் கன்னடத்தில் சப்பர என்று பெயர். வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து போகிற உயரத்தில். பிள்ளைகள் அன்றன்று செய்த பேப்பர் எல்லாம் கிளிப் போட்டு அதில் தொங்கும். ஐந்து கால் காக்கா தொங்கும், பசையில் ஒட்டி ஓரம் கிழிந்த மீன் தொங்கும். ஃபேன் போட்டால் தலைக்கு மேல் எல்லாம் படபடக்கும். ஒரு சிறுமி காலையில் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து போய்த் தன் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். மூன்று வாரமாக அதே பேப்பர்தான், அதில் ஒரு வாழைமரம், இலை எல்லாம் கீழே, வாழைத்தார் உச்சியில். யாரும் அதைத் திருத்தவில்லை. நான்காவது வாரம் பள்ளிக்கூட வாசலில் ஏதோ பூஜைக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு அவளே வேறு பேப்பர் கேட்டாள்.

இதை எல்லாம் குறையே இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியை. அட்டைகள் கிழிந்து பாதி காணாமல் போயிருக்கும், யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று எழுதி வைப்பதிலேயே அவர் நேரம் போகும். ஆனாலும் அங்கே தொங்குகிற ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளை செய்தது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீங்கள் கேட்ட அதே 'நமக்கு உதவுபவர்கள்' பாடத்தை அங்கே எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு முழுப் பேப்பர் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வருகிற வழியை வரையச் சொன்னோம். வழியில் யாரைப் பார்க்கிறாயோ அவர்களையும் போடு, அவ்வளவுதான். ஒரு பையன் வரைந்ததில் ராஜகாலுவெ என்று இங்கே சொல்கிற பெரிய கால்வாய் பேப்பரின் நடுவே கறுப்பாகப் போகிறது, ஒரு ஓரம் ஆஞ்சநேயர் கோயில், ஒரு மட்டன் கடை, கடை வாசலில் ஒரு நாய். நாய் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிது. ஏன் இவ்வளவு பெருசு என்று கேட்டேன். "அதுகிட்டதான் மிஸ் பயம்" என்றான். நாயைத் தாண்டுகிற வரை யார் கூட வருவார்கள் என்று கேட்டதற்கு, மட்டன் கடைக்காரரைக் காட்டினான். தினமும் அவர்தான் "ஏய், போ" என்று நாயை விரட்டிவிட்டு இவனைக் கை காட்டி அனுப்புவாராம். அவனுக்கு உதவுபவர் அவர்தான். கடையில் விற்கிற எந்த மாடலிலும் அவர் வரப்போவதில்லை. இன்னொரு சிறுமியின் அம்மா பௌரகார்மிகர், தெருக் கூட்டுகிறவர். அடுத்த சனிக்கிழமை ஆசிரியை அவரையே வகுப்புக்கு வரச் சொன்னார். முதலில் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். அப்புறம் ஈரக் குப்பையும் உலர் குப்பையும் சேர்த்துக் கட்டிப் போட்டால் கைவிட்டுப் பிரிக்கும்போது கண்ணாடித் துண்டு எப்படிக் கிழிக்கும் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முப்பது பிள்ளைகள் வரிசையாக வந்து அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் மகளின் முகத்தை நீங்கள் அன்று பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மகளுக்குத் தினமும் உதவுகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். வேன் அண்ணனா, பால்பாத்திரத்தை வாங்கி வைக்கிற பக்கத்து வீட்டு ஆன்ட்டியா, எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

சரி, மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது. தயவுசெய்து வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாதீர்கள், எல்லார் முன்னாலும் கேட்டால் யாராக இருந்தாலும் விறைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். அவர் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிட பீரியட், போட்டோ எடுத்துப் போட வேண்டும், போட்டோவில் அழகாக இல்லையென்றால் மேலே இருப்பவர்களும் கேட்பார்கள், பெற்றோரிலும் நாலு பேர் கேட்பார்கள். ஆமாம், நம்மைப் போன்ற பெற்றோரும்தான் இதை வளர்த்துவிட்டோம். அதனால் குறையாகச் சொல்லாமல், "மிஸ், அடுத்த ஆக்டிவிட்டியை கிளாஸிலேயே பண்ண வைக்க முடியுமா? பழைய அட்டைப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை, பசை எல்லாம் நான் சேர்த்து அனுப்புறேன், வேணும்னா ஒரு மணி நேரம் நானே வந்து உதவி பண்றேன்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டதற்காகப் பிள்ளை மேல் கோபப்பட்ட டீச்சரை நான் பார்த்ததில்லை. வேலை குறைகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடியாது, வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால், அரை மணி நேரம், ஒரு காலி பேஸ்ட் டப்பா, ஒரு பழைய பத்திரிகை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், அவ்வளவுதான் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கஷ்டம்தான், கை பரபரக்கும். ஏழு வயதுப் பிள்ளை ஒரு வட்டம் வெட்டுவதை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். கத்தரிக்கோல் பிடித்த கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும், பேப்பரைப் பிடித்த இன்னொரு கைதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டும். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டுவாள். வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வரும். அந்த உருளைக்கிழங்கோடு அப்படியே அனுப்புங்கள். முதல் தடவை மற்ற மாடல்களுக்கு நடுவில் அவளுடையது சின்னதாகத் தெரியும், அவளுக்கு அழுகைகூட வரலாம். அன்றைக்குச் சாயங்காலம் அதை வீட்டில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவதைத் திருத்த வேண்டாம். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைக்கு அது வரம். வகுப்பில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். பால் என்று நான் சொன்னால் 'ஹாலு' என்று கன்னடத்தில் சொல்ல வேண்டும். புலி, 'ஹுலி'. பத்து, 'ஹத்து'. பல், 'ஹல்லு'. பாம்பு, 'ஹாவு'. நாலைந்து வார்த்தை போனதும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி துள்ளி எழுந்து, "மிஸ், தமிழ்ல 'ப' வந்தா கன்னடத்துல 'ஹ' வருது!" என்று கத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தது. அப்புறம் எல்லாரும் வேட்டையில் இறங்கிவிட்டார்கள். பணம், 'ஹண'. பல்லி, 'ஹல்லி'. ஒருவன் பம்பரத்தை 'ஹம்பர' என்றான், கன்னடப் பிள்ளைகள் சிரித்து, அது 'புகுரி' என்றார்கள், சரி, எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதும் தெரிந்தது. இன்னொருவன் பள்ளிக்கு 'ஹள்ளி' என்றான். கன்னடத்தில் ஹள்ளி என்றால் கிராமம். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஆசிரியை குறுக்கிட்டு, மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்று போர்டில் எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில் திருச்சிராப்பள்ளி என்று எழுதினேன். ஊருக்கும் அந்தச் சொல்தான் என்று புரிந்ததும் அந்தப் பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். இங்கிலீஷ் எப்படியும் வந்துவிடும், ஸ்கூல் முழுக்க அதுதானே. வீட்டில் உங்கள் தமிழில் நிறையப் பேசுங்கள், கதை கேளுங்கள், அவள் சொல்கிற பதிலுக்குக் காத்திருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பேப்பர் கொடுத்து, வீட்டிலிருந்து ஸ்கூலுக்குப் போகிற வழியை வரையச் சொல்லுங்கள். எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதில் யார் எல்லாரையும்விடப் பெரிதாக இருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா