'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தின் புகழ்பெற்ற கார் துரத்தலுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார்?

திரையில் தோன்றுபவர்கள் நடிகர்கள். தோன்றாமல் அந்தத் தோற்றத்தை உண்டாக்குபவர்கள் படக்குழு. கல்யாணப் பந்தியில் பரிமாறுபவரின் முகம் நினைவில் நிற்கும். சாம்பாரின் ருசி அடுப்படியில் நின்றவருடையது.

1971இல் வெளியான இந்த நியூயார்க் போலீஸ் படத்தில் துப்பறிவாளர் டாயிலாக ஜீன் ஹேக்மேன், அவருடைய கூட்டாளியாக ராய் ஷைடர். இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் ஆவணப்படங்கள் எடுத்துப் பழகியவர். அதனால்தான் காட்சிகள் அமைக்கப்பட்டவை போலின்றி, அங்கே நின்று கண்டவை போல இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனின் கேமரா, தெருவோடு தெருவாக நடுங்கிக்கொண்டே ஓடுகிறது. புரூக்ளினில், மேலே பாலத்தில் செல்லும் ரயிலைக் கீழே சாலையில் கார் துரத்துகிறது. அந்த வேகத்தை நம் நெஞ்சுக்குள் ஏற்றியது படத்தொகுப்பாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க்கின் வெட்டுகள். படம் பெற்ற ஐந்து ஆஸ்கர் விருதுகளில் ஒன்று அவருடையது. அது மிகப் பொருத்தமான விருது என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கதைக்கு மூலமான உண்மையான போலீஸ்காரர்கள் எடி ஈகனும் சானி குரோஸோவும் இதில் சிறு வேடங்களில் நடித்திருக்கிறார்கள்.

காரை முழுக்க ஹேக்மேனே ஓட்டினார் என்று பலர் நம்புகிறார்கள். சில பகுதிகளை அவர் ஓட்டியது உண்மை. அபாயமான ஓட்டங்களில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் சண்டைக்காட்சிக் கலைஞர் பில் ஹிக்மேன். முல்டெரிக் என்ற அதிகாரியாக இதே படத்தில் முகம் காட்டுபவரும் அவர்தான்.