பாட்டி டம்ளரை நீட்டினதும் கதை ஏன் பிரசங்கமா மாறிடுது?

கேள்வி இதுதான். ஒரு வாசகி சிறுகதை எழுதியிருக்காங்க. ரெண்டு சின்னப் பொண்ணுங்க, ஒருத்தி வீட்டுக்காரங்க பொண்ணு, இன்னொருத்தி அந்த வீட்ல பாத்திரம் தேய்க்க வர்றவங்களோட பொண்ணு. ஒண்ணா விளையாடிட்டு இருக்கறப்ப ஒருநாள் பாட்டி வேலைக்காரம்மா பொண்ணுக்கு மட்டும் தனி டம்ளர்ல தண்ணி குடுக்கறாங்க, அவகூட சேராதன்னு காரணத்தோட விளக்கறாங்க, உடனே பேத்தி "எல்லாரும் ஒண்ணுதானே பாட்டி"ன்னு அழறா. படிச்சவங்க எல்லாரும் பிரசங்கமா இருக்குன்னு சொல்றாங்களாம், எங்க சரி பண்றதுன்னு கேக்கறாங்க.

முதல்ல அந்தக் கடைசி டயலாக்கை எடுத்துடுங்க. அது குழந்தை பேசறது இல்ல, நீங்க பேசறது. ஏழு வயசுல ஏற்றத்தாழ்வுங்கறது ஒரு கருத்தா மனசுல ஏறாது, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது, யாரு முன்வாசல்ல வரலாம் யாரு பின்பக்கமா வரணும்னு வீட்டு ரூலாதான் ஏறும், அதுவும் யாரும் உக்கார வெச்சு சொல்லித் தராமலேயே.

இதுக்கு நான் எப்பவும் எடுத்துக் காட்டற கதை கேத்தரின் மேன்ஸ்ஃபீல்ட் எழுதின 'தி டால்ஸ் ஹவுஸ்' (இதே பேர்ல இப்சன் எழுதின நாடகம் இல்ல, அது வேற). 1922ல பத்திரிகைல வந்தது, அடுத்த வருஷம் ஜனவரில 34 வயசுல காசநோய்ல அவங்க போய்ட்டாங்க. நியூசிலாந்துல வெலிங்டன்ல வசதியான குடும்பத்துல பொறந்தவங்க, அப்பா பேங்க்ல பெரிய ஆளு, அதனால இந்தக் கதையை அவங்க வேலிக்கு உள்பக்கம் நின்னுதான் எழுதறாங்க.

கதை சின்னதுதான். பர்னெல் வீட்டுக் குழந்தைங்களுக்கு பெரிய பொம்மை வீடு ஒண்ணு பரிசா வருது. சுத்துவட்டாரத்துலயே ஒரே ஒரு ஸ்கூல்ங்கறதால ஜட்ஜ் பொண்ணு, டாக்டர் பொண்ணு, பால்காரர் பிள்ளைங்க எல்லாரும் அங்கதான் படிக்கறாங்க. ரெண்டு ரெண்டு பேரா வந்து பொம்மை வீட்டைப் பாத்துட்டுப் போறாங்க. துணி துவைக்கறவங்களோட ரெண்டு பொண்ணுங்க, லில்லும் எல்ஸும், அவங்களுக்கு மட்டும் அழைப்பு இல்ல. லில் போட்டிருக்கற டிரஸ்ஸே பர்னெல் வீட்டு மேஜை விரிப்பும் இன்னொரு வீட்டுத் திரைச்சீலையும் சேத்துத் தைச்சது. ஏழைன்னு ஒரு வார்த்தை சொல்லாம அந்தத் துணியை வெச்சே ஊர்ல யாரு யாரை நம்பி இருக்காங்கன்னு முழுசும் சொல்லிட்டாங்க பாருங்க.

இப்ப உங்க பாட்டிகிட்ட வருவோம். மேன்ஸ்ஃபீல்ட் கதையில பர்னெல் வீட்டுக் குட்டிப் பொண்ணு கெஸியா அம்மாகிட்ட, ஒரே ஒரு தடவை லில்லையும் எல்ஸையும் கூப்பிடட்டுமான்னு கேக்கறா. கூடாதுங்கறாங்க அம்மா. ஏன்னு கேட்டா, ஏன்னு உனக்கே நல்லாத் தெரியும், போ, அவ்வளவுதான். உங்க பாட்டி நாலு வரி விளக்கம் குடுக்கறாங்க, இங்க அம்மா ஒரு காரணமும் சொல்லல, ஆனா குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பாக்கறாங்க. நிஜ வீடுகள்ல அப்படித்தான் நடக்கும், யாரும் விளக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ரொம்பப் பேர் தவற விடறது. வெகுளித்தனம் போறது யாருக்கு? வசதியான பொண்ணுக்குத்தான். மத்தவளுக்கு அது எப்பவோ போயிடுச்சு, சொல்லப்போனா அவளுக்கு அது இருந்ததே கிடையாது. கெஸியா கேட்டைத் திறந்து உள்ள வாங்கன்னு கூப்பிடறப்ப லில் தலையாட்டி மறுக்கறா, எங்ககூட பேசக்கூடாதுன்னு உங்கம்மா எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்களேங்கறா. ரூலை மீறப்போறவளுக்கு ரூலை ஞாபகப்படுத்தறது யாருன்னு பாருங்க! உங்க கதையில வேலைக்காரம்மா பொண்ணு தண்ணியைக் குடிச்சிட்டு திருதிருன்னு முழிக்கறா, அது நம்பற மாதிரி இல்ல, அவ அந்த டம்ளரை அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே பாத்திருப்பா.

கொடுமை பண்றவங்களுக்கு அதுல கிடைக்கற சந்தோஷத்தையும் எழுதுங்க, பயப்படாதீங்க. ஸ்கூல்ல ஒருத்தி லில்கிட்ட போய் நீ பெரியவளானா வேலைக்காரியாதான் போகப்போறியான்னு கேப்பா, உங்கப்பா ஜெயில்லதானே இருக்காருன்னு கத்துவா, அப்புறம் அத்தனை பொண்ணுங்களும் குதூகலமா ஓடிப்போய், என்னிக்கும் இல்லாத உயரத்துக்கு கயிறு தாண்டுவாங்க. எனக்கு அந்தக் கயிறு தாண்டற இடம் வர்றப்ப எல்லாம் வயித்தைப் பிசையும், அழற குழந்தையைக் காட்டியிருந்தா இவ்ளோ வலிக்காது.

தமிழ்ல கு. அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்' படிங்க. பசங்க சில்க் சட்டை யாருகிட்ட இருக்குன்னு போட்டி போடறதுலதான் ஆரம்பிக்கும். ஆனா அவர் வேற திசைல போறார், ஏழை வீட்டுக்கு வந்து சேர்ற அனாதைப் பையனுக்கு அந்த வீட்டு அம்மா தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விடறாங்க. அங்க வெகுளித்தனம் போகல, ஜெயிக்குது. அப்படியும் எழுதலாம், ஆனா உங்க கதைக்கு அந்த முடிவு ஒட்டாது.

ஏன்னா உங்க கதையில தனி டம்ளர் இருக்கு. டீக்கடைல ரெட்டை டம்ளர் வெச்ச ஊர் நம்ம ஊரு. அந்தப் பொருள் வந்த உடனே அது காசு விஷயம் மட்டும் இல்ல, ஜாதி. மேன்ஸ்ஃபீல்ட் கதையை அப்படியே பெயர்த்து வெச்சா அது வராது. நீங்க அதைக் கதைக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிட வேணாம், ஆனா எழுதற உங்களுக்குத் தெளிவா இருக்கணும், இல்லன்னா கதை வசதி இல்லாதவங்க மேல பரிதாபப்படறதோட நின்னுடும்.

நான் எழுதினா இப்படி மாத்துவேன். டம்ளர் கொல்லைல துவைக்கற கல்லுக்கு மேல மாடக்குழில கவுத்தி இருக்கும். கண்ணாமூச்சி ஆடறப்ப வீட்டுப் பொண்ணு அதைப் பாக்கறா, எதுக்குன்னு தெரியாது. சினேகிதி வந்து யாரும் சொல்லாமலேயே அதை எடுத்து, குடிச்சு, கழுவி, திரும்ப அதே இடத்துல கவுத்தி வைக்கறா. பாட்டி அந்தப் பக்கம் வரவே வேணாம். மறுநாள் ரெண்டு பேரும் சொப்பு வெச்சு சமைச்சு விளையாடறப்ப, பரிமாற உக்கார்ற வீட்டுப் பொண்ணு ஒரு சொப்பை மட்டும் சுவர் ஓரமா தனியா எடுத்து வைக்கறா.

அழுகை, கேள்வி எதுவும் அதுக்கு அப்புறம் வேணாம். அந்த ரெண்டு சீனை மட்டும் முதல்ல எழுதிப் பாருங்க, பாட்டிக்கு எத்தனை வரி மிஞ்சுதுன்னு எனக்கு எழுதுங்க.