பேசாத பெண் வக்கீலாக முடியாதா?

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய ஆளுமைச் சோதனை அறிக்கையை முழுதாகப் படித்தேன். ஆளுக்கு நான்கு எழுத்து கொடுத்து வகை பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை அது. அதில் உங்கள் மகளுக்கு ஐ.என்.எஃப்.பி. என்று வந்திருக்கிறது. அதன் கீழே 'அதிகம் பேசமாட்டார், சின்ன விஷயத்துக்கும் மனம் உடைந்துபோவார், எடுத்த வேலையை முடிக்கமாட்டார், போட்டி மிகுந்த துறைகள் ஒத்துவராது' என்று எழுதியிருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப்படிப்பு என்று உறுதியாக இருந்த பெண்ணிடம், இப்போது வீட்டில் எல்லோரும் பி.ஏ. போதும் என்கிறீர்கள். இந்தத் தாளை வைத்து அவள் ஆசையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மயர்ஸ் இருவரும் சேர்ந்து வளர்த்தெடுத்த முறை இது. 'இந்த வகை சோம்பேறி, அந்த வகை கல்நெஞ்சு' என்று ஆட்களைத் தரம் பிரிப்பது அவர்கள் நோக்கமே இல்லை. வகைக்கு ஒரு பலம் உண்டு என்று காட்டத்தான் முயன்றார்கள். வசைகளெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. அந்தச் சோதனையை வெளியிடும் நிறுவனமே வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, 17 வயதுப் பெண்ணின் படிப்பை இதை வைத்து முடிவு செய்வது நியாயமா?

சோதனையிலேயே ஒரு பெரிய குறை இருக்கிறது. பேச்சில் நாட்டம் என்ற அளவுகோலில் மனிதர்களை நிறுத்தினால் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்பார்கள். இந்தச் சோதனை நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நிற்பவருக்கு ஓர் எழுத்து, அந்தப் பக்கம் நிற்பவருக்கு வேறோர் எழுத்து என்று கொடுத்துவிடுகிறது. கோட்டை ஒட்டி நிற்பவர் அடுத்த முறை எழுதும்போது இரண்டு கேள்விக்கு மாற்றிப் பதில் சொன்னால் எழுத்தே மாறிவிடும். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதியவர்களில் பாதிப்பேர் வரை வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று டேவிட் பிட்டெஞ்சர் என்ற உளவியலாளர் 1993-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

சரி, 'படித்ததும் அப்படியே எங்கள் பெண்ணைப் பார்த்த மாதிரி இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் இருக்கும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, தனித்தனி முடிவு என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகங்கள்தான். அவற்றைக் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு மாணவர்கள் 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள்.

இனி அந்த மூன்று குறைகளுக்கு வருகிறேன். மனம் உடைந்துபோவார் என்பதை இந்த அறிக்கையிலிருந்து சொல்லவே முடியாது. எளிதில் பதற்றப்படும் குணத்தை இந்த நான்கெழுத்து முறை அளப்பதே இல்லை. மெக்ரே, கோஸ்டா என்ற உளவியலாளர்கள் இருவரும் 1989-ல் இதை ஐந்து பண்புகள் கொண்ட இன்னொரு அளவுமுறையோடு ஒப்பிட்டார்கள். நான்கு எழுத்துகளும் அதிலுள்ள நான்கு பண்புகளோடு ஒத்துப்போயின. பதற்றத்துக்கு மட்டும் இங்கே ஜோடியே இல்லை. அளக்காத ஒன்றுக்கு முடிவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா. அதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

வேலையை முடிக்கமாட்டார் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டேன். கடைசி எழுத்தான 'பி', திட்டமிட்டு ஒழுங்காகச் செய்யும் பண்போடு ஓரளவு எதிராகத் தொடர்புள்ளது. எந்த வேலையானாலும் அதிகம் கைகொடுப்பதும் அந்த ஒழுங்குப் பண்புதான். ஆனால் ஓரளவு தொடர்பு என்பது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வு. ஒரு பெண்ணைப் பற்றி அது எதையும் உறுதியாகச் சொல்லாது. ரெக்கார்டு நோட்டை அவள் நேரத்துக்கு முடித்துக் கொடுத்தாளா, பரீட்சைக்குத் தானாக உட்கார்ந்து படிக்கிறாளா என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தாளை விட அது நம்பகமானது.

மூன்றாவது, பேசமாட்டாள் என்பது. குறைவாகப் பேசுவது வேறு, பேசத் தெரியாதது வேறு. பேச்சையே நம்பியிருக்கும் விற்பனை வேலையில்கூட அதிகம் பேசுபவர்தான் ஜெயிப்பார் என்றில்லை. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி வழியாக விற்கும் 340 பேரில் விற்பனையில் அதிக வருமானம் ஈட்டித் தந்தவர்கள் நடுவில் இருந்தவர்கள். கலகலப்பின் உச்சியில் இருந்தவர்கள் அல்லர்.

அப்புறம், வக்கீல் தொழிலை நாம் சினிமாவில் பார்த்தே பழகிவிட்டோம். மனு, பதில் மனு, வக்கீல் நோட்டீஸ், ஒப்பந்தம், சொத்துப் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் தருவது என்று பாதிக்கு மேல் படிப்பதும் எழுதுவதும்தான். சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணையையே பிரமாணப் பத்திரமாக எழுதித்தான் தாக்கல் செய்கிறார்கள். குறுக்கு விசாரணைக்கு வாய் வேண்டும்தான். ஆனால் எதிராளி சொல்வதைக் கவனித்துக் கேட்டவருக்குத்தான் சரியான கேள்வி கிடைக்கும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். தோழிகளோடு நன்றாகப் பேசிவிட்டு கூட்டத்தில் மட்டும் அமைதியாக இருந்தால் அது சுபாவம். பேச வேண்டிய நேரத்தில் கை நடுங்கி, அதற்குப் பயந்தே பள்ளிக்கு லீவு போடுகிறாள் என்றால் அது பதற்றம். உதவி பெற்றால் சரியாகக்கூடியது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இரண்டில் எதுவானாலும் உறவினர்கள் முன்னால் 'இவ வாயே திறக்கமாட்டா' என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு நாள் அவளை மாவட்ட நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலான வழக்குகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 120 கேள்வி, 2 மணி நேரம், எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வதுதான். திருச்சியில் இருப்பதும் அந்த வகைப் பல்கலைக்கழகம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், தனி நுழைவுத் தேர்வு இல்லை. இவ்வளவும் பார்த்த பிறகு அவளே வேண்டாம் என்றால் பி.ஏ. சேரட்டும். பட்டம் முடித்தபின் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.